ஈரத் துணிகளுக்கு நடுவே ஒரு கொழுவல்

என்னைக் கோபக்காரி என்று சொல்பவர்கள் எல்லோரும் என்னோடு ஒரு முறையாவது கொழுவியவர்கள்தான். கொழுவல் என்றால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் வாய்ச்சண்டை. கை நீட்டாமல், வாயில் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல ‘என்ன கறி?’ என்று கேட்கிற சண்டை. நான் வளர்ந்த வீட்டில் அது இல்லாமல் ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை. ஒஸ்லோவுக்கு வந்து இத்தனை காலமாகியும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கொழுவ ஆளில்லாமல் போயிற்று. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கி வலது தோள்மூட்டுப் பழுதாகிவிட்டது. வேலைக்குப் போகக்கூடாது என்று எழுதித் தந்து வைத்தியர் என்னை வீட்டில் இருத்திவிட்டார். மகன் ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனி ஒன்றில் வேலை பார்க்கிறான். மகள் துரொண்ட்ஹெய்மில் படிக்கிறாள். கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் என்ன சொன்னாலும் ‘ஓமப்பா’ என்பார். அந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு முப்பது வருடக் குடும்பத்தை ஓட்டிய மனிதர். சுவரில் முட்டினாலாவது நெற்றி வலிக்கும், அவரோடு கொழுவினால் அதுவும் இல்லை.

பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார்கள். குரலை இறக்கி, படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். நான் கொஞ்சம் சத்தம் வைத்தால் மகள், “அம்மா, ஸ்லாப் ஆவ்” என்பாள். பதறாமல் ஆறுதலாய் இரு என்பதற்கு நோர்வேஜியர் சொல்லும் சொல் அது.

“எனக்கு ஸ்லாப் ஆவ் சொல்லாதை. நான் உன்னோடை கதைக்கிறன், நீயும் என்னோடை கதை.”

“கதைச்சுக்கொண்டுதானே அம்மா இருக்கிறன்” என்பாள், இன்னும் மெதுவாக.

தொலைபேசியை வைத்த பிறகு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பேன், மூடுவேன். தூள் போத்தல்களை இடம் மாற்றி அடுக்குவேன், பிறகு பழையபடி அடுக்குவேன். எங்கள் வீடு வெஸ்ட்லியில் ஒரு மாடிக் கட்டடத்தின் ஏழாம் மாடியில். யன்னலால் பார்த்தால் ஐந்தாம் இலக்க ரயில் வந்து நிற்பது தெரியும். அதற்கு அப்பால் பாதை இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்த வழியே திரும்பிப் போகும். திரும்பிப் போகத்தான் இவ்வளவு அவசரமாக வந்தாயா என்று அதன் மேலும் எனக்கு எரிச்சல் வரும். ரயிலோடு சண்டை பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை இருக்கிறது. பக்கத்தில் துணி காயப்போடும் அறை. கொடிகள் கட்டியிருக்கும், சுவரில் ஒரு பெரிய விசிறி சூடான காற்றை ஊதும். வாசலில் ஒரு பலகை. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம் போட்ட ஒரு சின்னப் பூட்டு உண்டு. வேண்டிய நேரத்துக்கு நேரே நம் பூட்டை மாட்டிவிட்டால் அந்த நேரம் நம்முடையது. என் பூட்டு எப்போதும் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் இருக்கும்.

ஒரு செவ்வாய், காயப்போட்ட துணிகளை எடுக்கப் போனேன். விசிறி நின்றிருந்தது. துணி எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். குளிர்காலத்தில் யாரோ மேல் யன்னலை வேறு திறந்து விட்டிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, அவர் அங்கேயே இருந்தார். கழுவும் தொட்டியில் குனிந்து கையால் காலுறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சின்ன உருவம், எழுபதுக்கு மேல் வயது, பஞ்சு வைத்துத் தைத்த நீலச் சட்டை. சட்டைக் கை அழுக்காகாமல் இருக்க மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரப்பர் வைத்த துணி உறை மாட்டியிருந்தார். பக்கத்துப் படிக்கட்டுப் பகுதியில் மகளோடு இருக்கிற சீனத்து அம்மா என்று பார்த்த பழக்கம். அவ்வளவுதான் தெரியும்.

நான் விசிறியைப் போட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். நான் திரும்பப் போட்டேன். அவர் திரும்ப நிறுத்திவிட்டு, திறந்த யன்னலைக் காட்டி ஏதோ சொன்னார். சும்மா காற்று வரும்போது எதற்கு மின்சாரம் என்று கேட்கிறார். சீனம் தெரியாவிட்டால் என்ன, அந்த முகத்தை எனக்குத் தெரியாதா?

“உங்கடை காசிலையோ எணை ஓடுது? எல்லாற்றை காசிலையும்தானே ஓடுது! இந்தக் குளிருக்கை யன்னலைத் திறந்து வைச்சால் உடுப்புக் காயுமே? விசரே உங்களுக்கு?”

அவர் இடுப்பில் கையை வைத்தார். அதற்குப் பிறகு வந்தது பாருங்கள் ஒரு மழை! நான் தமிழில் ஒன்று சொல்ல, அவர் சீனத்தில் மூன்று சொன்னார். என் துணிகளை நான் பிழிந்திருந்த அழகைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் இருந்தது. ஒரு சட்டையை எடுத்து முறுக்கித் தண்ணீர் வடித்துக் காட்டினார். என் தோளைத் தொட்டு, என்னால் முறுக்க முடியாது என்று நான் கத்தினேன். இரண்டு கையும் தட்டினால்தானே ஓசை வரும். அன்று அந்த அறையில் நல்ல ஓசை வந்தது. மூச்சு வாங்கியபோது இருவரும் நிறுத்தினோம். அவர் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஈரத் துணியோடு மேலே வந்தேன்.

மாலையில் கணவர் என்னை உற்றுப் பார்த்தார்.

“முகம் வெளிச்சமாய்க் கிடக்கு. ஆரோடை கொழுவினீர்?”

“கீழை, ஒரு சீன மனுசியோடை.”

“என்ன பாசையிலை?”

“அவ தன்ரை பாசையிலை, நான் என்ரை பாசையிலை.”

“ஓமப்பா” என்றார்.

அடுத்த செவ்வாய் சீனத்து அம்மா எனக்கு முன்பே வந்து நின்றார். விசிறியும் நின்றிருந்தது. அதற்கடுத்த செவ்வாயும் அப்படித்தான். அந்த நேரத்தில் பலகையில் அவருடைய பூட்டு இருந்ததே இல்லை. ஒரு கிழமையில் விசிறி, இன்னொரு கிழமையில் நான் போடுகிற சவர்க்காரத் தூளின் அளவு. ஒருநாள் என் கணவரின் உள்ளாடைகளை அவர் மடித்து அடுக்கியிருந்தார். அதற்கு நான் ஆடிய சன்னதத்தைக் கண்டு அவர் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டுத் திரும்பவும் ஏசினார். படுக்கை விரிப்பை ஒரு கையால் மடிக்க முடியாமல் நான் நின்றபோது, ஏச்சை நிறுத்தாமலே மறு நுனியைப் பிடித்து இழுத்தார். மடிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் கத்திக்கொண்டேதான் இருந்தோம். செவ்வாய்க்கிழமைக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன் என்பதை இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன். அன்றைக்கு மட்டும் தூள் போத்தல்கள் இருந்த இடத்தில் இருந்தன.

இந்த நாட்டில் யாரும் கொழுவுவதில்லை. கோபம் வந்தால் ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். எங்கள் சலவை அறையிலும் ஒரு துண்டு வந்தது. “அன்பான அயலவர்களே! சலவை அறை நம் எல்லோருக்கும் இனிமையான இடமாக இருக்கட்டும்.” கீழே ஒரு சிரிக்கிற முகம். எழுதியது சீனத்து அம்மாவின் படிக்கட்டுப் பகுதியில், கீழ்த் தளத்தில் நாயோடு இருக்கிற நோர்வேஜியப் பெடியன். நல்ல பிள்ளை, வாசலில் கண்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வயது போன இரண்டு பெண்கள் அடிபடப் போகிறார்கள் என்று பயந்து, மேலே போய்ச் சீனத்து அம்மாவின் மகளிடமும் சொல்லிவிட்டான்.

அடுத்த நாள் அந்த மகள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பூச்செடியும் சொக்கலேட் பெட்டியும். உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்குப் பொதுவான மொழி நோர்வேஜியம்தான்.

“மன்னித்துவிடுங்கள். அம்மா உங்களிடம் கத்தியிருக்கிறார். அவருக்குச் சுகமில்லை” என்றாள். பிறகு குரலை இன்னும் இறக்கி, மனச்சோர்வு நோய் என்று நோர்வேஜியத்தில் சொன்னாள். “ஊரில் உள்ளவர்களுக்கு இதயத்தில் கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் மொழியில் அந்தச் சொல்லை அம்மாவைப் பற்றி என்னால் சொல்ல முடியவில்லை.”

எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களும் அப்படித்தான். பிறஷர் என்போம், நரம்புத் தளர்ச்சி என்போம், கண்ணூறு என்றும் சொல்வோம். அவள் சொன்ன சொல்லுக்கு எங்களிடம் இருப்பது விசர் என்கிற பைத்தியப் பட்டம் ஒன்றுதான். அந்தச் சொல்லை முதல் நாளே அவர் முகத்துக்கு நேரே எறிந்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்து சுட்டது.

அவள் சொன்ன கதை இது. அம்மா சீனாவின் வடக்கில் ஒரு நூற்பாலையில் வேலை செய்தவர். ஆலைக்குச் சொந்தமான நீளக் கட்டடம், நடுவே ஒரு நடைபாதை, இரு பக்கமும் குடும்பங்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். அந்த நடைபாதைக்கு அம்மாதான் பொறுப்பு. யார் வீட்டு விளக்கு வீணாக எரிகிறது, யாருடைய சைக்கிள் வழியை மறிக்கிறது என்று காலையிலிருந்து இரவு வரை ஏசிக்கொண்டே இருப்பாராம். பிறகு ஆலையை மூடினார்கள். ஊரே வேலை இழந்தது. கட்டடத்தை இடித்து, வானத்தைத் தொடுகிற மாடிகள் கட்டி, ஆளுக்கொரு வீடு கொடுத்தார்கள். குளியலறை, சமையலறை, மின்தூக்கி எல்லாம் தனித்தனி. பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாது. கணவரும் போய்விட்டார். ஒரே பிள்ளைதான், அந்தக் காலத்தில் அதுதான் அங்கே சட்டம். அந்த ஒரே பிள்ளை இங்கே இருந்தாள். கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இங்கே வந்துதான் இப்படி ஆனார் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அந்த உயரமான வீட்டிலேயே பேச்சைக் குறைத்துவிட்டார். நான் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் நல்லது என்பார். இங்கே வைத்தியரிடமும் நெஞ்சுக்குள் பஞ்சு அடைத்ததுபோல இருக்கிறது, தலை சுற்றுகிறது, அவ்வளவுதான் சொல்வார். இதயத்தைச் சோதித்தால் ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் நாளைக்கு நாலு சொல் பேசினாலே பெரிய காரியம். அப்படிப்பட்டவர் வெளியே வந்து கத்தினார் என்று கேட்டதும் எனக்குப் பயமாகப் போய்விட்டது. இனிமேல் துணி துவைக்க நானே வருகிறேன். அவருக்கு ஓய்வு வேண்டும்.”

“இல்லைப் பிள்ளை, அவ வரட்டும்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கையில் பூச்செடியோடு வந்திருக்கும் ஒருத்தியிடம் உன் அம்மா என்னை ஏசுவது எனக்குப் பிடிக்கும் என்று எப்படிச் சொல்வது? பரவாயில்லை, ஒன்றுமில்லை என்றேன். வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் அனுப்பிவிட்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் விசிறி நிற்காமல் ஓடியது. துணி நன்றாகக் காய்ந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கொடிகளுக்கு நடுவே அங்கும் இங்கும் நடப்பேன். யாராவது படியிறங்கும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். வேறு யாராவது வருவார்கள், ‘ஹை’ என்பார்கள், போவார்கள். வீட்டுக்கு வந்தால் பழையபடி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மூடுவேன்.

தைமாத நடுவில் ரயில் நிலையத்துப் பக்கம் சீனத்து அம்மாவின் மகளைக் கண்டேன். முகம் வாடிப்போயிருந்தது. பையில் தயிரும் வாழைப்பழமும் கஞ்சிக்கு அரிசியும். வேலைக்கு விடுப்பு எடுத்திருக்கிறாளாம். அம்மா சாப்பிடுகிறாரில்லை. இரண்டு கரண்டி கஞ்சி, பிறகு வேண்டாம் என்று முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்கிறார். உடல் பாதியாகிவிட்டது. இன்னும் ஒரு கிழமை இப்படியே போனால் மருத்துவமனையில் சேர்த்து ஊசி வழியாக உணவு ஏற்ற வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

“நான் எவ்வளவு அன்பாக இருக்கிறேன் தெரியுமா? ஒரு தரம்கூடக் குரலை உயர்த்தியதில்லை” என்றாள். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தேன். இருந்தேன், எழும்பினேன். தேநீர் போட்டு, ஊற்றாமல் விட்டேன். என்னை ஏசிய வாய் ஒரு கரண்டி கஞ்சிக்குத் திறக்க மறுக்கிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. நான் வைத்தியச்சி இல்லை. மாத்திரை மாத்திரைதான், அதைப் போட வேண்டும், யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காயப்போடும் அறையில் இடுப்பில் கை வைத்து நின்ற மனுஷியை நான் பார்த்திருந்தேன். மகளும் வைத்தியரும் அவரை அப்படிப் பார்க்கவில்லை. நான் போய்க் கொழுவினால் எழும்புவாரோ என்று ஒரு நப்பாசை.

வலியச் சண்டைக்குப் போவதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. மறுநாள் மத்தியானம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டு போனேன். மகள் கதவைத் திறந்தாள். சுத்தமான வீடு, சத்தமே இல்லை. சீனத்து அம்மா சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நீலச் சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

“காயப்போடுற அறை விசிறி உடைஞ்சு போச்சு! உங்கள் அம்மா திருகித் திருகித்தான் உடைந்தது!” என்று பாதித் தமிழிலும் பாதி நோர்வேஜியத்திலும் கத்தினேன். விசிறிக்கு ஒன்றும் நடக்கவில்லை, கீழே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மகள் பதறிப்போனாள். மன்னியுங்கள், நான் பார்த்துச் செய்கிறேன், தயவுசெய்து மெதுவாக, அம்மா படுத்திருக்கிறார் என்றாள். சோபாவில் அசைவே இல்லை. நான் இன்னும் கொஞ்சம் சத்தம் வைத்தேன். என் காதுக்கே அது நாடகத்தில் வரும் மாமியார் குரல்போல இருந்தது.

அப்போது அவர் சுவரைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். மெல்லிய குரல். மகள் என்னைப் பார்த்து விழித்தாள்.

“என்ன சொன்னார்?”

“ஒன்றுமில்லை.”

“சொல்லுங்கோ!”

“உங்களுக்கு நடிக்கத் தெரியவில்லையாம். பாவம் பார்க்க வந்தவரைத் தேநீர் கொடுத்து அனுப்பி விடு என்கிறார்.”

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. உண்மையான கோபம். காது இரண்டும் சூடாகிவிட்டன. பாவம் பார்க்க வந்தவளா? நானா? சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி இருந்தது. அதில் ஒரு கிண்ணம் கஞ்சி, ஆறி, மேலே ஆடை பிடித்து, கரண்டி வைத்த இடத்திலேயே இருந்தது. எத்தனையோ வருடம் சமைத்தவள் நான். முதியோர் இல்லத்தில் தொடாமல் திரும்பி வரும் ஒவ்வொரு தட்டும் என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அந்தத் தட்டுகளை வழித்துக் கொட்டிய எல்லா நாட்களும் அந்தக் கிண்ணத்தில் வந்து நின்றன.

“உங்களைப் பாவம் பாக்கிறதோ? ஆர் பாக்கிறது? இந்தப் பிள்ளை வேலையை விட்டுட்டு நிண்டு கஞ்சி காய்ச்சுது, நீங்கள் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறியள்! சோத்தைத் தொடாமல் விட உங்களுக்கு ஆர் உரிமை தந்தது? எனக்கு மட்டும் எல்லாம் நல்லாய்க் கிடக்கே? என்ரை பிள்ளையள் என்னோடை கண்ணாடிப் போத்தலோடை கதைக்கிற மாதிரிக் கதைக்குதுகள். எனக்குத் தோள் ஏலாது. வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை எண்டு ஒண்டு இருந்தது, அதையும் கொண்டு போயிட்டியள்! எழும்புங்கோ எணை! எழும்பிக் கதையுங்கோ!”

எல்லாம் தமிழில்தான் வந்தது. நோர்வேஜியத்துக்கு மாற்ற எனக்கு நேரமில்லை. கடைசியில் என் குரல் உடைந்து நான் அழுதுவிட்டேன், அதுவும் எனக்கு ஆத்திரம்.

அவர் திரும்பினார். கையை ஊன்றி, மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தொடங்கினார். குரல் முதலில் கரகரத்தது, போகப் போகத் தெளிந்தது. கிண்ணத்தைக் காட்டினார், என்னைக் காட்டினார், யன்னலைக் காட்டினார். நானும் விடவில்லை. மகள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்க்கப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேருமே அவளைக் கையமர்த்தினோம்.

“அம்மா, மெதுவாக, ரத்த அழுத்தம்” என்று மகள் அவர் தோளைத் தடவினாள். சீனத்தில்தான் சொன்னாள், ஆனால் அந்தத் தடவலும் அந்தக் குரலும் எனக்குத் தெரிந்தவை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்கிற அதே குரல். அவர் மகளின் கையைத் தட்டிவிட்டார். தட்டிவிட்டு ஒரு சின்ன வாக்கியம் சொன்னார்.

மகளின் முகம் சிவந்து வருவதை நான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி நோர்வேஜியத்தில் கேட்டாள், கேட்டாள் என்ன, கத்தினாள்.

“என்ன சொல்கிறார் தெரியுமா? எனக்கு ஒன்றுமில்லை, நீ வேலைக்குப் போ என்கிறார்! எப்போதும் ஒன்றுமில்லை! அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோதும் ஒன்றுமில்லை என்றார். நான் துரொண்ட்ஹெய்மில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் மனம் கலங்கக் கூடாதாம். பரீட்சை முடிந்து தொலைபேசி எடுத்தால், அப்பா போய்விட்டார், எரித்தும் முடிந்தது என்கிறார்! என் அப்பா!”

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கவில்லை. தாய் பக்கம் திரும்பிச் சீனத்தில் தொடங்கினாள். எத்தனை வருடமாக அடக்கி வைத்திருந்தாளோ, நாற்பது வயதுப் பெண் பத்து வயதுப் பிள்ளையைப்போலக் காலால் நிலத்தை உதைத்தாள். தாய் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். இந்தப் பிள்ளை என்னோடு சத்தம் போடுமா என்று கேட்கிற முகம். பிறகு அவரும் எழுந்து நின்றார். சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டார், ஆனாலும் நின்றார். நின்று பதில் சொன்னார். மகள் அழுதுகொண்டே கத்த, தாயும் அழுதுகொண்டே கத்தினார். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கவில்லை.

அந்தச் சண்டையில் எனக்கு இடமில்லை. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவை மெல்லச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சை ஆற்றினேன். கதவைத் தாண்டி இரண்டு குரலும் நன்றாகவே கேட்டன. உள்ளே ஏதோ ஒன்று விழுந்து உருண்டது. அதற்காக அவர்கள் நிறுத்தவில்லை.

கீழே நாய் குரைத்தது. நோர்வேஜியப் பெடியன் காலில் காலுறையோடு ஓடி வந்தான், கையில் தொலைபேசி. முகம் வெளிறியிருந்தது.

“என்ன நடக்கிறது? அந்த வயதான அம்மாவுக்கு ஏதாவதா? யாரையாவது கூப்பிடட்டுமா?”

நான் அவனுடைய கையைப் பிடித்து, தொலைபேசியைக் கீழே இறக்கினேன்.

“ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம்” என்றேன். “கதைக்கிறார்கள்.”